புயலும் ஏசியும்: மலையடிவாரத்து வீடுகளுக்கு

முள்ளுக்குறிச்சி டீக்கடையில் புயல் எச்சரிக்கை என்றால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. "அது மெட்ராசுக்குங்க" என்று பேப்பரைத் திருப்பிவிடுவார்கள். கடல் எங்கோ இருக்கிறது, கொல்லிமலை பக்கத்திலேயே நிற்கிறது, நமக்கென்ன என்றுதான் நானும் இருந்தேன்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியது. அடுத்த இரண்டு நாளில் அது வெளுத்து வாங்கிய இடங்களில் ஒன்று, கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருக்கிற ஊத்தங்கரை. ஒரே நாளில் 50 செ.மீ. மழை. ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்தது. அதற்கு முன் 2018 நவம்பரில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா, கொடைக்கானல் மலைவரை போய் மரங்களைச் சாய்த்தது. இவற்றுக்காவது பேர் உண்டு. சித்திரையில் கோடை மழைக்கு முன்னால் வரும் காற்றுக்குப் பேர்கூடக் கிடையாது. அரை மணி நேரத்தில் வாழைத்தோப்பைப் படுக்க வைத்துவிட்டுப் போய்விடும்.

குச்சிக்கிழங்கு விற்ற காசிலும் தவணையிலும் வாங்கிய ஏசிகள் இப்போது இந்தப் பக்கம் நிறைய. அவற்றைக் காக்க என்ன செய்யலாம் என்று கேட்பவர்கள் எல்லாரும் காற்றைத்தான் நினைக்கிறார்கள். காற்று போன பிறகு வருகிற கரண்ட்தான் அதிக ஏசிகளைச் சாகடிக்கிறது. இருந்தாலும் காற்றிலிருந்தே தொடங்குவோம்.

ஐப்பசி பிறப்பதற்குள் ஒரு வெயில் நாளில் அவுட்டோர் யூனிட்டைப் பாருங்கள். முதலில் மெயினை அணைத்துவிடுங்கள். ஒன்றரை டன் ஏசியின் அவுட்டோர் முப்பது, நாற்பது கிலோ இருக்கும். அதைத் தாங்குவது இரண்டு இரும்பு ஆங்கிளும் சில போல்ட்டும்தான். கையால் பிடித்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். யூனிட் ஆடினால் ரப்பர் புஷ் போயிருக்கலாம். ஸ்டாண்டே சுவரோடு சேர்ந்து ஆடினால்தான் ஆபத்து. போல்ட் தலையைச் சுற்றிச் செம்பழுப்பாகத் துரு வழிந்திருக்கிறதா, சுவர்ப்பூச்சில் நூல் மாதிரி வெடிப்பு ஓடுகிறதா என்று கவனியுங்கள். ஹாலோ பிளாக் சுவரில் சாதாரண போல்ட் அடித்திருந்தால் அது பிடிப்பதாகப் பாவனைதான் செய்யும். மெக்கானிக்கை வரச் சொல்லி, கான்கிரீட் பீமிலோ தூணிலோ ஆங்கர் போல்ட் போட்டு மாற்றச் சொல்லுங்கள். யூனிட்டுக்கு மேலே பாக்குமரமோ தென்னையோ நின்றால் காய்ந்த மட்டைகளை இப்போதே இறக்கிவிடுங்கள்.

அப்படியே செம்புக்குழாய் சுவருக்குள் நுழைகிற ஓட்டையையும் பாருங்கள். குழாயும் ஒயரும் ஓட்டைக்குள் போவதற்கு முன் ஒரு சாண் கீழே தொங்கி, பிறகு மேலேறி நுழைய வேண்டும். அப்படி இருந்தால் மழைத்தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும். நேராக இறங்கி நுழைந்தால் குழாயைப் பிடித்துக்கொண்டே தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிடும். சுற்றியுள்ள இடைவெளியைப் புட்டி வைத்து அடையுங்கள். அடைத்தால் பல்லியும் வராது. இந்த ஊரில் புயலைவிடப் பல்லி கெடுத்த சர்க்யூட் போர்டுதான் அதிகம் என்பார் எங்கள் மெக்கானிக்.

புயல் வருகிறது என்று தெரிந்ததும் பலர் முதலில் தேடுவது தார்ப்பாயை. அவுட்டோர் யூனிட் மழையில் நனைவதற்கென்றே செய்யப்பட்டது. தார்ப்பாயைச் சுற்றினால் அது காற்றைப் பிடித்துக்கொண்டு யூனிட்டையே இழுக்கும், உள்ளே ஈரமும் தேங்கும். மறந்துபோய் அதோடு ஏசியைப் போட்டால் கம்ப்ரசர் சூட்டில் திணறும். மாடியில் கிடக்கிற தகரம், பூந்தொட்டி, உடைந்த நாற்காலி எல்லாவற்றையும் உள்ளே எடுத்து வையுங்கள், அது போதும். பறந்து வந்து அடிப்பவை அவைதான்.

மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர் இருந்தால் அதன் டேங்க்கைக் காலி செய்யாதீர்கள். 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ பாரம். அந்தப் பாரம்தான் அதை இருக்கிற இடத்தில் பிடித்து வைக்கும். பக்கத்திலிருக்கும் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டிக்கும் இதே கணக்குதான்.

ஏசியை ரிமோட்டில் அணைத்தால் போதாது. டிரிப்பர் சுவிட்சைக் கீழே தள்ளுங்கள், பிளக் இருந்தால் உருவி எடுங்கள். மின்னல் கம்பி வழியாக வந்தால் சுவிட்சின் சின்ன இடைவெளியைத் தாண்டிவிடும், உருவிய பிளக்கைத் தாண்டுவது கடினம். இதை இடி தொடங்குவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். இடி இடிக்கும்போது ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடிக்காதீர்கள்.

இனி கரண்ட். கஜாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. ஒட்டுப்போட்ட லைனில் கரண்ட் திரும்புகிற முதல் சில மணி நேரம் எதையும் நம்ப முடியாது. கம்பத்தில் மூன்று ஃபேஸும் ஒரு நியூட்ரலும் ஓடுகின்றன. கிளை விழுந்து நியூட்ரல் அறுந்தால், 230 வோல்ட் வர வேண்டிய வீட்டில் 400 வரை ஏறலாம். அதே நேரத்தில் இரண்டு வீடு தள்ளி விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். ஒரு கோடை மழை இரவில் எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். கரண்ட் வந்த சந்தோஷத்தில் எல்லாவற்றையும் போட்டோம். டிவி பெட்டிக்குப் பின்னால் 'டப்' என்று ஒரு சத்தம், பிறகு கருகிய வாடை. ஏசி தப்பியது, சாயங்காலமே அத்தை அதன் பிளக்கை உருவிப் போட்டிருந்ததால். மறுநாள் வந்த லைன்மேன், "இனிமே ஒரு குண்டு பல்பைப் போட்டுப் பாத்துட்டு மத்ததப் போடுங்கண்ணா" என்றார்.

எல்இடி ஏன் ஆகாது என்றால், பெரும்பாலான எல்இடி பல்புகள் வோல்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் ஒரே மாதிரிதான் எரியும். குண்டு பல்பு பொய் சொல்லாது. வோல்டேஜ் இறங்கினால் மஞ்சளாகச் சோம்பும், ஏறினால் கண் கூசும். சில நூறு ரூபாய்க்கு பிளக்கில் செருகுகிற வோல்ட் மீட்டர் கிடைக்கிறது, அது இன்னும் நல்லது. 207க்கும் 253க்கும் நடுவே ஒரு மணி நேரமாவது நின்றால் முதலில் ஃபேன், பிறகு ஃபிரிட்ஜ், கடைசியாக ஏசி. இன்வெர்ட்டர் ஏசிக்கு ஸ்டெபிலைசர் வேண்டாம் என்று கடையில் சொல்வார்கள். நகரத்தில் சரியாக இருக்கலாம், கிராமத்து லைனின் கடைசி வீட்டில் இருப்பவர் ஹை-கட் (வோல்டேஜ் அளவு மீறினால் தானே துண்டிப்பது) உள்ள ஒன்றை வாங்கிவிடுவதே மேல். விளக்கு கண்ணைக் கூசினால் மெயினை அணைத்துவிட்டு மின்வாரியத்தின் மின்னகத்துக்கு அழையுங்கள்: 94987 94987. அறுந்து கிடக்கிற கம்பியைக் குச்சியால்கூடத் தொட வேண்டாம்.

தரையில் வைத்த யூனிட்டுக்குள் ஓடைத்தண்ணீர் ஏறியிருந்தால், 'காய்ந்துவிட்டதே' என்று போட்டுப் பார்க்காதீர்கள். சேறு மின்பலகையில் ஒட்டியிருக்கும். மெக்கானிக் திறந்து, கழுவி, உலர்த்திப் பார்த்த பிறகு போடலாம். பில்லும், சீரியல் எண் தெரிகிற போட்டோவும் போனில் இருக்கட்டும். 2021 ஏப்ரலில் வந்த பாரத் கிருஹ ரக்ஷா வீட்டுக் காப்பீட்டில் புயல், வெள்ளம், மின்னல் சேதம் அடக்கம். வீட்டுச் சாமான்களும் சேர்கின்றனவா, வோல்டேஜால் கருகியதற்குப் பணம் உண்டா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

மலைமேல் வீடுள்ளவர்களுக்கு ஏசி தேவையில்லை, கீசர்தான். மூன்று நாள் கரண்ட் இல்லாமல் மோட்டார் ஓடாமல் தொட்டி வற்றியிருக்கும். குளிரில் நடுங்கிக்கொண்டு வந்து முதலில் கீசர் சுவிட்சைத்தான் தட்டுவார்கள், தண்ணீர் இல்லாமல் அதன் சூடேற்றும் காயில் எரிந்துபோகும். வெந்நீர்க் குழாயைத் திறந்து, காற்று சீறி அடங்கித் தண்ணீர் தடையில்லாமல் கொட்டிய பிறகு சுவிட்சைப் போடுங்கள். வற்றிய சோலார் ஹீட்டரை வெயிலேறிய பிறகு நிரப்பினால், கொதிக்கிற கண்ணாடிக் குழாயில் குளிர்ந்த தண்ணீர் பட்டு வெடிக்கும். விடியற்காலையில் நிரப்புங்கள்.