மீகாமன் இல்லாத மரக்கலம்

கப்பலைச் செலுத்துபவனுக்குப் பழந்தமிழ் தந்த பெயர் மீகாமன். அவன் கரையிலேயே அமர்ந்துகொண்டு கப்பலைச் செலுத்த முடியுமா? முடியும் என்று 3.12.2018 அன்று பின்லாந்தில் காட்டினார்கள். பராய்னென், நௌவோ ஆகிய ஊர்களுக்கு இடையே 'ஃபால்கோ' என்ற பயணிகள் படகு, போகும்போது எவர் கையும் படாமல் தானே சென்று கரையணைந்தது. திரும்பும்போது, ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் துர்க்கு நகரில் இருந்த கப்பல் தலைவர் அதைச் செலுத்தினார்.

இத்தகைய கப்பலுக்கு ரேடாரும் கேமராக்களும் கண்கள். அருகிலுள்ள பெரிய கப்பல்கள் தம் இடம், வேகம் ஆகியவற்றை ஏஐஎஸ் கருவி வழியாகச் சில விநாடிகளுக்கு ஒருமுறை அறிவித்துக்கொண்டே இருக்கும். சிறு மீன்பிடிப் படகுகள் பலவற்றில் அக்கருவி கிடையாது. ஆகவே அதை மட்டும் நம்புவதற்கில்லை.

கண்ட காட்சியைக் கரைக்கு அனுப்புவது எப்படி? கரையோரத்தில் கைத்தொலைபேசி அலைவரிசையே போதும். நடுக்கடலில் துணைக்கோள் வேண்டும். புவிநிலைத் துணைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 35,800 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால், கட்டளை போய் மறுமொழி வர அரை விநாடி ஆகும். பலர் இந்தத் தாமதத்தைத்தான் பெரிய சிக்கல் என்று எண்ணுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12 நாட் வேகத்தில் செல்லும் கப்பல் விநாடிக்கு 6 மீட்டருக்குச் சற்று மேல் நகரும். அரை விநாடியில் 3 மீட்டர்! பெருங்கடலில் அது ஒன்றுமே இல்லை. ஆனால் இணைப்பு ஒரு நிமிடம் அறுந்தால் 370 மீட்டர். என் பார்வையில் உண்மையான சிக்கல் இதுதான்.

இணைப்பு அறுவதற்கு எதிரியின் சதி எதுவும் தேவையில்லை. நம் வட்டாரத்துக் கனமழையே போதும். உயர் அதிர்வெண் அலைகளை அது உறிஞ்சிவிடும். மழையால் அதிகம் பாதிக்கப்படாத எல் அலைவரிசையை இரண்டாவது வழியாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதில் தகவல் மெதுவாகத்தான் போகும்; தெளிவான காணொளியை எதிர்பார்க்க முடியாது.

இரண்டு வழியும் அடைபட்டால்? "நின்றுவிடு" என்பது எளிய விடை. பெருங்கடலில் அது சரி. சிங்கப்பூருக்குத் தெற்கே உள்ள ஃபிலிப்ஸ் கால்வாயோ, மிகக் குறுகிய இடத்தில் 2.8 கிலோமீட்டர் அகலமே உடையது. பின்னால் எண்ணெய்க் கப்பல் வந்துகொண்டிருக்கும்போது அங்கே நிற்பதே ஆபத்து. தடத்திலேயே மெதுவாகத் தொடர்வதா, நங்கூரமிட ஒதுங்குவதா என்பதைப் பயணத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் முன்கூட்டியே முடிவு செய்து, கப்பலின் கணினியில் பதிந்திருக்க வேண்டும்.

மற்றவர்களுக்கும் செய்தி தெரிய வேண்டுமே! 1972ஆம் ஆண்டின் மோதல் தவிர்ப்பு விதிகளின்படி, கட்டுப்பாடு இழந்த கப்பல் இரவில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சிவப்பு விளக்குகளை ஏற்றும்; பகலில் இரண்டு கறுப்புக் கோளங்களைத் தொங்கவிடும். ஆளில்லாக் கப்பலில் அவற்றையும் கணினிதான் ஏற்ற வேண்டும்.