காலையில் போர்க்களம், சாயங்காலம் திராட்சைத் தோட்டம்

பிரான்ஸின் கிழக்கு ஓரத்துல அல்சாஸ் இருக்கு. ஒரு பக்கம் வோஜ் மலை, இன்னொரு பக்கம் ரைன் நதி, நடுவில் திராட்சைச் சரிவுகள். இலை பழுத்து உதிர்ற அக்டோபர்ல, கூட ஒரு வழிகாட்டியை வெச்சுக்கிட்டு அங்கே நடக்கப் போறேன்னு சொன்னா, முதல்ல அக்கா சொல்றதைக் கேட்டுக்கோ. லீவே அஞ்சு நாள்தான். அதைத் தப்பான வரிசையில் செலவழிச்சுட்டு வந்து என்கிட்ட முகத்தைத் தூக்கி வெச்சுக்காதே.

1. காலையில் மலை, சாயங்காலம் ஒயின். இதை மாத்தவே மாத்தாதே. "பதினோரு மணிக்கு ஒரு டேஸ்டிங், அப்புறம் நடை"ன்னு யாராவது பிளான் போட்டா நிராகரி. ஈரமான சருகுக்கு அடியில் கல் இருக்கும், வேர் இருக்கும். தலை லேசா சுத்தினாலே கணுக்கால் போச்சு. அது மட்டுமில்ல, நீ போற மலை முதல் உலகப் போர்ல செத்தவங்களோட இடுகாடு. தெளிவான தலையோட போறதுதான் மரியாதை.

2. ஹார்ட்மன்ஸ்வில்லர்கோப்புக்கு அரை நாள் முழுசா கொடு. பேரை உச்சரிக்க வரலைன்னா பரவாயில்ல. பலகையில் 'வியே அர்மான்'னும் போட்டிருக்கும், ரெண்டும் ஒரே மலைதான். 956 மீட்டர் உயரம். 1915-ல இந்தச் சிகரம் பலமுறை கைமாறிச்சு. டிசம்பர் 21-ஆம் தேதி பிரெஞ்சுப் படையின் 152-ஆவது ரெஜிமென்ட் மேலே ஏறிப் பிடிச்சது. மறுநாளே ஜெர்மன்காரங்க திருப்பி அடிச்சு, அந்த ரெஜிமென்ட்டையே கிட்டத்தட்ட அழிச்சுட்டாங்க. கீழே நிலவறையில் அடையாளம் தெரியாத 12,000 வீரர்களோட எலும்புகள் இருக்கு. 2017-ல பிரான்ஸும் ஜெர்மனியும் சேர்ந்து திறந்த அருங்காட்சியகத்தை முதல்ல பார்த்துடு, அப்புறம் ஏறு. எதிர்வரிசையா போனா, கண்ணுக்குத் தெரியறது வெறும் பள்ளமும் சிமென்ட்டும்தான். குளிர்காலத்துல மூடிடுவாங்க, அதனால பயணத்தை நவம்பர் கடைசிக்குத் தள்ளாதே.

3. பாதையை விட்டு இறங்காதே. நூறு வருஷம் ஆனாலும் முள்கம்பி சருகுக்குள்ளே அப்படியே கிடக்கு. துருப்பிடிச்ச இரும்பு எதையாவது பார்த்தா தொடாதே, காலால தட்டாதே, "ஞாபகத்துக்கு"ன்னு பையில் போடாதே. வெடிக்காத குண்டா இருக்கலாம். இடத்தை வழிகாட்டிக்குக் காட்டு, அவர் தகவல் சொல்லுவார். அவசரம்னா 112.

4. வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கிறப்போ ரெண்டு கேள்வி கேளு. மலைநடைக்கான அரசு டிப்ளமா இருக்கா? உள்ளூர்க் குடும்ப வரலாறு சொல்லத் தெரியுமா? ரெண்டாவது ஏன்னு கேக்கிறியா? 1871-ல அல்சாஸ் ஜெர்மனிக்குப் போச்சு, 1918-ல பிரான்ஸுக்கு வந்தது, 1940-ல ஹிட்லர் பிடுங்கிக்கிட்டான், 1945-ல மறுபடி பிரான்ஸ். முதல் உலகப் போர்ல இந்த ஊர்ப் பையன்கள் பெரும்பாலும் ஜெர்மன் சீருடையில்தான் செத்தாங்க. அதனாலதான் பிரான்ஸ் முழுக்க நினைவுத்தூண்ல 'பிரான்ஸுக்காக இறந்தவர்கள்'னு இருக்கிறப்போ, இங்கே பல ஊர்கள்ல 'எங்கள் இறந்தவர்களுக்கு'ன்னு மட்டும் வெட்டியிருக்கும். ஸ்ட்ராஸ்பூர்ல ஒரு சிலை இருக்கு, ரயில் மாற அங்கே இறங்கினா போய்ப் பாரு. ஒரு தாய், அவள் மடியோரம் சாகிற ரெண்டு மகன்கள். ரெண்டு பேர் உடம்புலயும் சீருடை கிடையாது. எந்தப் படைன்னு சொல்லாமலே விட்டுட்டாங்க. இதை எடுத்துச் சொல்லத் தெரியாத வழிகாட்டிக்கு எதுக்கு யூரோவைக் கொட்டணும்?

5. நேரம் ரொம்பக் கம்மின்னா இந்த ஒரு நடை போதும்: லிங்கே போர்க்களத்துல ஆரம்பிச்சு, த்ருவாஸ் எபி கிராமம் வழியா டுர்க்ஹைம் ஊர் வரை இறக்கம். லிங்கேல ரெண்டு தரப்புப் பதுங்குகுழிகளும் சில மீட்டர் இடைவெளியில் இருக்கும். பிற்காலத்துல உடல் கிடைச்ச இடங்கள்ல பிரெஞ்சு வீரனுக்கு வெள்ளைச் சிலுவை, ஜெர்மன் வீரனுக்குக் கறுப்புச் சிலுவை நட்டிருக்காங்க. அங்கே கொஞ்சம் நின்னு பாரு, போட்டோவுக்கு அவசரப்படாதே. அப்புறம் காடு முடிஞ்சு திடீர்னு மஞ்சளா திராட்சைச் சரிவு விரியும். காரை மறுபடி எடுக்க மேலே ஏறணுமேன்னு கவலைப்படாதே. காலையில் டாக்ஸியில மேலே போயிடு, டுர்க்ஹைம்லயே ஸ்டேஷன் இருக்கு, கோல்மார் நகரத்துக்கு ரயில் பிடிச்சுடலாம். இலையுதிர் காலத்துல மலை மேல பஸ்ஸை நம்பிப் போகாதே.

ஒரே விஷயம், இது ஏறத்தாழ 700 மீட்டர் இறக்கம். "இறக்கம்தானே"ன்னு அலட்சியமா போறவங்கதான் மறுநாள் படி இறங்க முடியாம உக்காந்துடுவாங்க. ரெண்டு கைக்கும் ஊன்றுகோல் எடுத்துக்கோ. புது ஷூவை அன்னிக்குத்தான் முதல்ல போடுவேன்னு சொல்லாதே.

6. பளிச்னு ஆரஞ்சு கலர் மேல்கோட்டு போடு. போட்டோவுக்காக இல்ல, இது வேட்டைக் காலம். வேட்டை நடக்குதுன்னு பலகை வெச்சிருந்தா அந்தப் பாதையில் போகாதே. ராத்திரி குளிக்கிறப்போ முழங்காலுக்குப் பின்னாடி, இடுப்பு மடிப்பு, காதோரம் பாரு. இந்தக் காட்டு உண்ணி லைம் நோயைக் கொண்டு வரும்.

7. அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால தள்ளுவாங்க. அதுக்கப்புறம் அஞ்சேகால் வாக்குல சூரியன் இறங்கிடும். காட்டுக்குள்ளே அதுக்கும் முன்னாடியே இருட்டு. தலையில் மாட்டுற லைட்டைப் பையிலயே வெச்சிரு.

8. சைவம்னா, முன்கூட்டியே சொல்லிடு. இந்த ஊர்ச் சாப்பாட்டுல பன்றி இறைச்சி இல்லாத இடம் தேடணும். மெல்லிசா சுடுற தார்த் ஃப்ளாம்பேல கூட பொடிப்பொடியா போட்டிருப்பாங்க. அது இல்லாம கேட்டா செஞ்சு தருவாங்க. மதியச் சமையல் ரெண்டு மணிக்கு முடிஞ்சுடும், ஞாயிற்றுக்கிழமை கடைகளும் மூடியிருக்கும். ரொட்டியும் சீஸும் சனிக்கிழமையே வாங்கி வெச்சுக்கோ.

9. ஒயின் ருசி பார்க்கிற இடத்துல, வாயில் வெச்சுட்டுத் துப்ப ஒரு பாத்திரம் வெச்சிருப்பாங்க. துப்பறது தப்பில்ல, நாலு வகை பார்க்கணும்னா துப்பித்தான் ஆகணும். காரமும் புளிப்பும் பழகின நாக்குக்கு கெவுர்ஸ்ட்ராமினர் பிடிக்கும், அதோட ரோஜா வாசனையே தனி. குடிக்க மாட்டேன்னா தயங்காம சொல்லு, திராட்சைச் சாறு கேளு. கொடியில் தொங்குற பழத்தை மட்டும் பறிச்சு வாயில் போட்டுடாதே. பிந்தின அறுவடைக்காக வேணும்னே விட்டு வெச்சிருப்பாங்க, அது ஒருத்தரோட வருஷ வருமானம்.

10. கால் இன்னும் தாங்கினா சிகோல்ஷைம் குன்று. இரண்டாம் உலகப் போர்ல, 1944 டிசம்பர்ல இங்கே நடந்த சண்டை கொடூரமானது. திராட்சைத் தோட்டத்துக்கு நடுவில் 1,500-க்கும் மேற்பட்ட கல்லறைகள். நிறைய பேர் வட ஆப்பிரிக்க முஸ்லிம் வீரர்கள். அந்தப் பகுதிக்குக் கட்டாயம் போய் நில்லு, பிரான்ஸை மீட்கச் செத்த அவங்களைப் பத்தி டூர் பிரசுரங்கள் பேசறதே இல்ல.

11. ராத்திரி டுர்க்ஹைம்லயே தங்கினா, அக்டோபர் முடியறவரை பத்து மணிக்கு இரவுக் காவலர் லாந்தரோட தெருவைச் சுத்தி வருவார். குழந்தைங்க இருந்தா முழிக்க வெச்சுக் காட்டு.

12. பாட்டில் வாங்கினா செக்-இன் பெட்டியில்தான், கைப்பையில் விடமாட்டாங்க. அல்சாஸ் பாட்டில் ஒல்லியா, உயரமா இருக்கும், கழுத்துதான் உடையும். நடந்த கம்பளி சாக்ஸைக் கழுத்துல சுத்தி, நடுவில் ஸ்வெட்டருக்குள்ளே புதைச்சு வை. இந்தியாவுக்குள்ள வரி இல்லாம ஆளுக்கு ரெண்டு லிட்டர்தான், அதுக்கு மேல வாங்கி விமான நிலையத்துல வாதாடிக்கிட்டு நிக்காதே.