சட்டி கருத்துப் போச்சு என்று வருபவருக்கு என்ன கொடுப்பது?

பழைய ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் தருவதாகத் தெருவில் கூவிப் போனவரை நம்மில் நாற்பதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டோம். அவர் கேட்ட 'ஈயம்' பெரும்பாலும் அலுமினியம்தான். சென்னைக் கலைப் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் 1898-ல் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கி வைத்து நூற்றாண்டு கடந்துவிட்டது. நம் பக்கத்தில் இன்னும் பலருக்கு அது 'ஈயச்சட்டி'தான்.

இட்லிக் கொப்பரை, பணியாரச் சட்டி, வடைச்சட்டி என்று கனமான வார்ப்புச் சாமான்கள் பாம்பன் முதல் தொண்டி வரை பல வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. கல்யாணமோ கந்தூரியோ வந்தால் அவை இறங்கும். உடனே நம் கடைக்கு ஆள் வரும். "அண்ணாச்சி, சட்டி கருத்துப் போச்சு. பளிச்சுன்னு ஆக ஏதாச்சும் குடுங்க." நாமும் யோசிக்காமல் சலவைச் சோடாவை மடித்துக் கொடுத்துவிடுகிறோம். சிலர் காஸ்டிக் சோடாவே கொடுக்கிறார்கள். தவறு இங்கேதான்.

அலுமினியத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய காப்புப் படலம் ஒன்று தானாகவே உண்டாகிறது. பாத்திரத்தைக் காப்பது அதுதான். காரம் அந்தப் படலத்தைக் கரைத்து, அடியில் உள்ள உலோகத்தையும் தின்னும். காஸ்டிக் சோடா என்றால் நுரைத்துப் பொங்கும். அப்போது வெளிவருவது தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு. எங்கள் வீட்டிலேயே ஒருமுறை தேக்சா ஒன்றில் சோடா கரைத்து இரவு முழுவதும் ஊற வைத்தோம். விடிந்து பார்த்தால் உட்புறம் சொரசொரவென்று, முன்பைவிடக் கருப்பு. வார்ப்பில் கலந்துள்ள சிலிக்கான், செம்பு போன்றவை கரையாமல் மேலே தங்கிவிடுவதுதான் காரணம். அடுப்புச் சாம்பலும் காரமே. வெளிப்புறக் கரியைத் தேய்த்து உடனே கழுவ அது போதும். உள்ளே பூசி வைக்கக் கூடாது.

உட்புறக் கருப்புக்குப் புளிதான் மருந்து. முதலில் வெந்நீரும் பாத்திரச் சோப்பும் விட்டு ஊற வைத்து, ஒட்டியதை மரக் கரண்டியால் சுரண்ட வேண்டும். தீய்ந்ததை எரித்து எடுக்கலாம் என்று வெறும் சட்டியை அடுப்பில் காய வைப்பது வேண்டாம்; வார்ப்பு விரிசல் விடும். பிறகு லிட்டருக்கு எலுமிச்சம்பழ அளவு புளி கரைத்து, கறை உள்ள மட்டத்துக்கு மேல் நிற்கும்படி ஊற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் கொதிக்க விட்டு ஆற வைக்கலாம். அதற்கு மேல் வேண்டாம். புளிப்பும் உலோகத்தை அரிக்கும். அந்த நீரைக் கொட்டிவிட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தால் கருப்பு கழன்றுவிடும். விலை போகாமல் கிடக்கும் கறுத்த பழம்புளி இதற்குத் தாராளமாகப் போதும். நமக்கும் சரக்கு கழியும். பிழிந்த எலுமிச்சைத் தோலும் உதவும். கடைசியில் நல்ல தண்ணீரை ஒருமுறை கொதிக்க வைத்துக் கொட்டிவிட்டுப் புழங்கலாம். மங்கலான சாம்பல் நிறம் மிஞ்சினால் இருக்கட்டும். வெள்ளி மாதிரி மின்ன வேண்டும் என்று கம்பி நாரால் உராய்வது காப்பைக் கெடுப்பதுதான்.

நம் கடற்கரைக்கு வேறொரு தொல்லை உண்டு. உப்பு, அலுமினியத்தில் ஊசி முனை போலக் குழி பறிக்கும். உவர் கிணற்று நீரில் கழுவி அப்படியே கவிழ்த்து வைப்பதும், மீன் குழம்பை இரவெல்லாம் சட்டியிலேயே விடுவதும் இதற்கு வழி செய்யும். ஈரத்தோடு பித்தளை, இரும்புச் சாமான்களுடன் அடுக்கினால் அரிப்பு இன்னும் வேகம். கடைசி அலசலுக்கு நல்ல தண்ணீர் வேண்டும். உடனே துடைத்து, வெயிலில் காய வைத்து, பரணில் ஏற்றும் முன் ஒரு துளி எண்ணெய் தடவச் சொல்லுங்கள். நம் கடைகளிலும் உப்பு, புளி, ஊறுகாயை அலுமினிய அண்டாவில் போட்டு வைக்கும் வழக்கம் இருந்தால் இன்றே மாற்றிவிடுவது நல்லது.

எந்தப் பாத்திரத்தைத் தேற்றுவது என்பதையும் பார்க்க வேண்டும். கண்ட கண்ட கழிவு உலோகத்தை உருக்கி ஊற்றிய சட்டியில் உண்மையான காரீயமே இருக்கக்கூடும். 2017-ல் வெளியான ஓர் ஆய்வில் 10 வளரும் நாடுகளின் 42 அலுமினியப் பாத்திரங்களில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தை 2 மணி நேரம் கொதிக்க வைத்துப் பார்த்தார்கள். 15 பாத்திரங்களில் 250 மில்லிக்கு 1 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் காரீயம் இறங்கியது. காரீயத்துக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை. எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது, கண்ணுக்கும் தெரியாது. வார்ப்புப் பாத்திர உலோகத்துக்கு ஐ.எஸ். 20 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. அதற்கோ தகட்டுப் பாத்திரத்துக்கான ஐ.எஸ். 21-க்கோ ஒத்துவராத அலுமினியத்தில் சமைத்த பண்டம் உண்ணத் தகாதது என்று பழைய உணவுக் கலப்படத் தடை விதிகளே சொல்லியிருந்தன. பாத்திரமும் விற்கும் உறுப்பினர்கள் மொத்தக் கடையில் இதைக் கேட்டு, பில்லில் எழுதி வாங்குவது நல்லது.

ஆகவே, நல்ல வார்ப்பு என்று தெரிந்த சட்டிக்குக் கால் கிலோ பழம்புளியும் ஒரு கட்டுத் தேங்காய் நாரும் கொடுங்கள். குழி விழுந்ததையும், எங்கே ஊற்றியது என்று தெரியாததையும் எடைக்குப் போடச் சொல்லுங்கள். இப்போது பேரீச்சம்பழம் கிடைக்காது, காசாகத்தான் கொடுக்கிறார்கள்.