காலடியை எண்ணுவது எது? கைப்பட்டையா, கைப்பேசியா?

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலையில் ஒரு பெண்மணி மீன்கூடையைத் தலையில் வைத்து, ஒரு கையால் அதைப் பிடித்தவாறு சாலையை நோக்கி நடக்கிறார். அந்தக் கையின் மணிக்கட்டில் காலடிகளை எண்ணும் பட்டை ஒன்று கட்டப்பட்டிருப்பதாகக் கொள்வோம். அவர் 200 காலடி நடந்து முடிக்கும்போது பட்டையும் 200 என்றே காட்டுமா?

பெரும்பாலும் காட்டாது. ஏன் காட்டாது என்பதைப் புரிந்துகொண்டால், இன்று பல வீடுகளில் எழும் ஒரு கேள்விக்கும் விடை கிடைத்துவிடும். "ஃபிட்னஸ் பேண்ட்" எனப்படும் கைப்பட்டையை ஓரிரண்டு ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்க வேண்டுமா, அல்லது வீட்டில் ஏற்கெனவே இருக்கும் கைப்பேசியே போதுமா என்பதுதான் அந்தக் கேள்வி. விளம்பரத்தைப் பார்த்து இதற்கு விடை சொல்ல முடியாது. இயற்பியலைக் கொண்டு சொல்ல முடியும்.

எண்ணப்படுவது எது?

முதலில் ஓர் உண்மையை மனத்தில் கொள்ள வேண்டும். கைப்பட்டையோ கைப்பேசியோ காலடியை எண்ணுவதில்லை. அவற்றால் உங்கள் காலைப் பார்க்க முடியாது. அவை உணர்வது ஒன்றே ஒன்று: தாம் இருக்கும் இடத்தில் ஏற்படும் குலுக்கம்.

இக்குலுக்கத்தை அளக்கும் உறுப்புக்கு முடுக்கமானி என்று பெயர். சில மில்லிமீட்டர் அகலமே உள்ள சில்லு ஒன்றினுள், சிலிக்கானால் ஆன மிகச் சிறிய நிறை ஒன்று மெல்லிய சிலிக்கான் வில்களால் தாங்கப்பட்டிருக்கிறது. பேருந்து திடீரெனப் புறப்படும்போது நின்றுகொண்டிருப்பவர் பின்னுக்குச் சாய்வதைப் பார்த்திருப்பீர்கள். அதே நிலைமப் பண்பினால், சில்லு முடுக்கப்படும்போது உள்ளே இருக்கும் நிறையும் சற்றுப் பின்தங்குகிறது. ஹூக் விதிப்படி வில்லின் விசை kx. நியூட்டனின் இரண்டாம் விதிப்படி விசை ma. ஆகவே இடப்பெயர்ச்சி x = ma/k. இடப்பெயர்ச்சியை அளந்தால் முடுக்கம் தெரிந்துவிடும்.

இவ்வளவு நுண்ணிய இடப்பெயர்ச்சியை அளப்பது எப்படி? நிறையுடன் இணைந்த தகடுகளும் அவற்றுக்கு எதிரே அசையாமல் நிற்கும் தகடுகளும் சேர்ந்து ஒரு மின்தேக்கியாக அமைகின்றன. தகடுகளுக்கு இடையே உள்ள தொலைவு மாறினால் மின்தேக்குத் திறன் மாறும். அம்மாற்றத்தை மின்சுற்று அளந்துவிடுகிறது.

சில்லில் ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று திசைகளிலும் முடுக்கம் அளக்கப்படுகிறது. கைப்பேசி சட்டைப்பையில் நேராக இருக்கிறதா, சாய்ந்து இருக்கிறதா என்று யாரும் கவனிப்பதில்லை அல்லவா? எனவே மூன்று அளவுகளின் வர்க்கங்களைக் கூட்டி, வர்க்கமூலம் கண்டு, மொத்த அளவைப் பெறலாம். எடுத்துக்காட்டாக, மூன்று திசைகளில் 0, 6, 8 மீ/வி² எனக் கிடைத்தால் மொத்தம் 10 மீ/வி². அசையாமல் மேசைமேல் கிடக்கும் கைப்பேசி, எப்படி வைத்தாலும், ஏறத்தாழ 9.8 என்ற அளவையே காட்டும். அது புவியீர்ப்பின் பங்கு. நடக்கும்போது ஒவ்வொரு முறை பாதம் தரையில் ஊன்றும்போதும் இந்த அளவு உயர்ந்து தாழ்கிறது. வரைபடமாக வரைந்தால் வரிசையான முகடுகள் தெரியும். ஒரு முகடு ஒரு காலடி.

தாளத்தைக் கண்டறிதல்

ஆனால் எல்லாக் குலுக்கமும் நடை ஆகாது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் பேருந்தில் உட்கார்ந்து வருபவரின் கைப்பேசியும் குலுங்கத்தான் செய்கிறது. அதைக் கருவி எப்படி ஒதுக்குகிறது?

இயல்பான நடையில் நாம் நிமிடத்துக்கு 100 முதல் 120 காலடி வைக்கிறோம். அதாவது வினாடிக்கு ஏறத்தாழ 2. இதுவே நடையின் அதிர்வெண். நிமிடத்துக்கு 600 முறை சுழலும் ஆறு உருளை டீசல் எஞ்சின் வினாடிக்கு 30 துடிப்புகளை உண்டாக்கும். அது மிக விரைவு. படகைத் தாலாட்டும் கடலலைக்கோ ஒருமுறை எழுந்து தாழப் பல வினாடிகள் ஆகும். அது மிக மெதுவு. வானொலியில் வேண்டிய நிலையத்தை மட்டும் பிரித்தெடுப்பது போல, நடைக்குரிய அதிர்வெண்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கருவியிலுள்ள கணிப்பு முறை வடிகட்டிவிடுகிறது.

சாலைப் பள்ளங்கள்தாம் தொல்லை. அவற்றின் அதிர்ச்சி சில வேளைகளில் நடையின் தாளத்தை ஒத்திருக்கும். ஆகவே பல கருவிகள் ஒரு முன்னெச்சரிக்கையைக் கையாள்கின்றன: சீரான இடைவெளியில் பல முகடுகள் தொடர்ந்து வந்தால்தான் எண்ணத் தொடங்கும். இதனால் பேருந்தின் பொய்க் காலடிகள் குறைகின்றன. ஆனால் இதற்கு ஒரு விலையும் உண்டு. அடுப்பிலிருந்து தண்ணீர்க் குடத்துக்கு மூன்று காலடி, அங்கிருந்து அலமாரிக்கு நான்கு காலடி என்று நாள் முழுவதும் சமையற்கட்டில் நடக்கும் உங்கள் அம்மாவின் காலடிகளில் பலவும் கணக்கில் சேராமல் போகலாம். கருவி அதைக் "குறைந்த நடை" என்று காட்டும். உழைப்பு குறைவு என்று அதற்குப் பொருளல்ல.

இடம் மாறினால் எண்ணிக்கையும் மாறும்

இனி இரு கருவிகளையும் ஒப்பிடுவோம். கால்சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசி உடலின் புவியீர்ப்பு மையத்துக்கு அருகில் இருக்கிறது. பாதம் ஊன்றும் அதிர்ச்சி அதற்குத் தெளிவாக எட்டுகிறது. மணிக்கட்டுப் பட்டைக்கு உடலின் அதிர்ச்சியோடு கைவீச்சும் சேர்ந்தே கிடைக்கிறது. கை முன்னும் பின்னும் ஒருமுறை முழுதாக வீசப்படும்போது இரண்டு காலடிகள் நிகழ்கின்றன. கை தாராளமாக வீசப்படும்வரை கணக்கு சரியாக வரும்.

மீன்கூடையைப் பிடித்திருக்கும் கை வீசப்படுவதில்லை. தள்ளுவண்டியைத் தள்ளுபவரின் கையும், துறைமுகத்தில் கப்பலின் ஏணிக் கைப்பிடியைப் பற்றியிருப்பவரின் கையும் அப்படியே. அங்கெல்லாம் பட்டை குறைத்து எண்ணும். இதற்கு மாறாக, உட்கார்ந்தபடியே துணி துவைத்தாலும் வலையைக் கையால் இழுத்தாலும் மணிக்கட்டு தாளத்தோடு அசைகிறது. அங்கே நடக்காத காலடிகளும் எண்ணிக்கையில் ஏறக்கூடும்.

கைப்பேசிக்கு உள்ள குறை வேறு வகையானது. அது உடலோடு இருந்தால்தான் எண்ணும். மின்னேற்றத்துக்காகச் சுவரோரம் கிடக்கும்போதும், பள்ளி நேரத்தில் வீட்டிலேயே இருக்கும்போதும் எண்ணிக்கை நின்றுவிடும். எண்ணெயும் எரிவாயுவும் கையாளும் தொழிற்கூடங்களில் மின்னணுக் கருவிகளுக்குப் பாதுகாப்புக் கட்டுப்பாடுகள் உண்டு. அங்கே பணிபுரிபவர் விதியை மீறி நடையை எண்ண முயலக் கூடாது.

மிக மெதுவாக நடக்கும் முதியோரிடம் இரண்டு கருவிகளும் தடுமாறுகின்றன. பாதம் ஊன்றும் அதிர்ச்சி மெல்லியதாக இருப்பதால் முகடு போதிய உயரத்தை எட்டுவதில்லை.

500 காலடிச் சோதனை

2015 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை நேரடியாகச் சோதித்தனர். நலமுள்ள 14 பேரை நடைப்பொறியில் மணிக்கு 3 மைல் வேகத்தில் நடக்கச் செய்து, 500, 1500 காலடிகளை ஆய்வாளர் கண்ணால் பார்த்து எண்ணினர். கைப்பேசிச் செயலிகளின் சராசரி வேறுபாடு −6.7 சதவீதத்திலிருந்து +6.2 சதவீதம் வரை இருந்தது. உடலில் அணியும் கருவிகளில் அது −22.7 சதவீதத்திலிருந்து −1.5 சதவீதம் வரை விரிந்தது. மிகவும் குறைத்து எண்ணியது ஒரு கைப்பட்டை.

இதிலிருந்து "கைப்பேசியே சிறந்தது" என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. சோதனை நடந்தபோது கைப்பேசிகள் முழு நேரமும் பையில் இருந்தன; நம் வாழ்க்கையில் அப்படி இருப்பதில்லை. மேலும் அதற்குப் பின் கருவிகளும் கணிப்பு முறைகளும் மாறிவிட்டன. விலை உயர்ந்ததும் உடலோடு ஒட்டியதுமான கருவி கட்டாயம் சரியாக எண்ணும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை என்பதே அச்சோதனை தரும் பாடம்.

செய்து பாருங்கள்

இச்சோதனையை நீங்களே செய்யலாம். கைப்பேசியைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நண்பரிடம் கைப்பட்டை இருந்தால் அதையும் கட்டிக்கொள்ளுங்கள். தொடக்க எண்களைக் குறித்துக்கொண்டு, வாய்விட்டு எண்ணியபடி சரியாக 100 காலடி நடந்து நில்லுங்கள். சில வினாடிகள் பொறுத்து, இறுதி எண்களைக் குறியுங்கள். ஐந்து முறை இவ்வாறு செய்யுங்கள்.

எடுத்துக்காட்டாக, உங்களுக்குப் பின்வரும் எண்கள் கிடைத்தன என்று கொள்வோம்.

கைப்பேசி: 97, 96, 98, 97, 97. சராசரி 97.
கைப்பட்டை: 88, 104, 99, 109, 95. சராசரி 99.

எது சிறந்த கருவி? சராசரியை மட்டும் பார்ப்பவர் கைப்பட்டை என்பார். அது உண்மை மதிப்புக்கு அருகில் இருப்பதால் துல்லியத்தன்மை கூடியது. ஆனால் அதன் அளவீடுகள் 88 க்கும் 109 க்கும் இடையே சிதறிக் கிடக்கின்றன. கைப்பேசியின் அளவீடுகளோ ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. அதன் நுட்பம் கூடியது. கைப்பேசியில் உள்ளது முறையான பிழை. காட்டும் எண்ணை 100/97 ஆல் பெருக்கி அதைத் திருத்திவிடலாம். கைப்பட்டையில் உள்ள ஒழுங்கற்ற பிழையை இவ்வாறு ஒரே பெருக்கலால் திருத்த முடியாது.

பிறகு இரு கைகளாலும் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஐந்து முறை நடந்து பாருங்கள். அதன்பின் மிக மெதுவாக ஐந்து முறை நடந்து பாருங்கள். முன்பு படித்தவை யாவும் எண்களாக உங்கள் முன் நிற்கும்.

காலடியிலிருந்து தொலைவு

காலடியை எண்ணித் தொலைவு காண்பது நம் நாட்டில் பழைய கலை. சென்னையில் 1802 ஆம் ஆண்டில் பரங்கிமலைக்கு அருகே லாம்டன் அளந்த அடிக்கோட்டிலிருந்து வளர்ந்தது இந்தியப் பெரும் முக்கோணவியல் நில அளவை. அந்த நில அளவைத் துறை 1860 களில் நைன் சிங் என்ற குமாவோன் பகுதி ஆசிரியருக்குப் பயிற்சி அளித்து, வெளிநாட்டவர் நுழைய முடியாத திபெத்துக்கு அனுப்பியது. மேடானாலும் பள்ளமானாலும் ஒரே அளவில் காலடி வைக்க அவர் பழகினார். மைலுக்கு ஏறத்தாழ 2000 காலடி. அதாவது ஒரு காலடிக்கு 80 செ.மீ. அவர் கையில் இருந்த செபமாலையில் வழக்கமான 108 மணிகளுக்குப் பதிலாக 100 மணிகளே இருந்தன. நூறு காலடிக்கு ஒரு மணி தள்ளுவார். மாலை ஒரு சுற்று முடிந்தால் 10,000 காலடி, அதாவது 5 மைல். இம்முறையில் அவர் 1866 இல் லாசாவை அடைந்தார்.

நைன் சிங் மாற்றாமல் காத்தது காலடியின் நீளத்தை. கருவிகளோ அதை ஊகித்துக்கொள்கின்றன. ஆகவே உங்கள் காலடியின் நீளத்தை நீங்களே அளந்துகொள்ளுங்கள். கூடைப்பந்து ஆடுகளத்தின் நீளம் 28 மீட்டர். அதை 40 காலடியில் கடந்தால் ஒரு காலடி 0.70 மீட்டர். அப்படியானால் 10,000 காலடி என்பது 7 கி.மீ.

எண்ணிக்கை சொல்லாதவை

நாளுக்கு 10,000 காலடி என்ற இலக்கு மருத்துவ ஆராய்ச்சியில் பிறந்ததன்று. ஜப்பானில் 1965 இல் விற்பனைக்கு வந்த இடுப்பில் அணியும் நடைமானி ஒன்றின் பெயர் "மான்போ-கே". அதற்குப் "பத்தாயிரம் காலடி மானி" என்று பொருள். விற்பனைப் பெயரே இலக்காகிவிட்டது. சராசரி வயது 72 ஆன அமெரிக்கப் பெண்களிடம் நடத்தி 2019 இல் வெளியான ஆய்வில், 2700 காலடி நடந்தவர்களைவிட 4400 நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் குறைந்திருந்தது. ஏறத்தாழ 7500 க்கு மேல் அது மேலும் குறையவில்லை. உங்கள் வயதினருக்கு உலக சுகாதார நிறுவனம் கூறுவது காலடிக் கணக்கன்று; நாளுக்குச் சராசரியாக 60 நிமிட நல்ல உடலுழைப்பு.

காலடிக் கணக்கு சுமையையும் அறியாது. 50 கி.கி. நிறையுள்ள ஒருவர் 6 மீட்டர் உயர நடைமேம்பாலத்தில் ஏறினால் புவியீர்ப்புக்கு எதிராகச் செய்யும் வேலை 50 × 9.8 × 6 = 2940 ஜூல். அவரே 20 கி.கி. கூடையுடன் ஏறினால் 4116 ஜூல். வேலை 1.4 மடங்கு; காலடிகளோ இரண்டு முறையும் ஒன்றே. ஆகவே கருவி காட்டும் எண்ணை வைத்து ஒருவரின் உழைப்பை மற்றொருவரின் உழைப்போடு ஒப்பிடுவது நியாயமாகாது. ஒருவருடைய நேற்றைய நடையை அவருடைய இன்றைய நடையோடு ஒப்பிடுவதே முறை.

எதைத் தேர்ந்தெடுப்பது?

மாலையில் ஒரு மணி நேரம் நடப்பவருக்கு, கைப்பேசியைப் பையில் வைத்துக்கொள்ள முடிந்தால், அதுவே போதும். புதுச் செலவு தேவையில்லை. கைப்பேசியை எந்நேரமும் உடன் வைத்திருக்க இயலாத ஆனால் கைகளை வீசி நடக்கும் ஒருவருக்குக் கைப்பட்டை ஏற்றது. பல பட்டைகள் ஒருமுறை மின்னேற்றினால் ஒரு வாரம் வரை உழைக்கும். பச்சை ஒளியைத் தோலில் பாய்ச்சி நாடித் துடிப்பையும் அளக்கும். சுமை தூக்குபவர், வண்டி தள்ளுபவர், மெதுவாக நடக்கும் முதியவர் ஆகியோருக்கு வாங்குவதற்கு முன் நூறு காலடிச் சோதனை கட்டாயம் தேவை. நண்பர் ஒருவரின் பட்டையை அரை மணி நேரம் கேட்டு வாங்கினால் போதும். ஆயிரம் ரூபாய்க் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

பயிற்சி வினாக்கள்

1. ஒருவரின் கை நிமிடத்துக்கு 55 முறை முழுமையாக முன்னும் பின்னும் வீசப்படுகிறது. அவர் நிமிடத்துக்கு எத்தனை காலடி வைக்கிறார்?

2. மேற்கண்ட எடுத்துக்காட்டிலுள்ள கைப்பேசி ஒரு நாளில் 5820 காலடி எனக் காட்டுகிறது. திருத்திய எண்ணிக்கை என்ன?

3. மெட்ரோ நிலையத்தில் மின்தூக்கி மேல்நோக்கிப் புறப்படும் கணத்தில், பையிலுள்ள முடுக்கமானியின் அளவு 9.8 மீ/வி² ஐ விடக் கூடுமா, குறையுமா? கருவி இதை ஏன் ஒரு காலடியாக எண்ணுவதில்லை?

விடைகள்: 1) 110. 2) 6000. 3) கூடும், அது ஒரே ஒரு மாற்றம், நடையின் தாளம் அதில் இல்லை.