தீவுப் பயணத்துக்குத் திரும்பும் படகை முதலில் கேளுங்கள்

நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ போக அல்லைப்பிட்டியில் பஸ் ஏறுமுன், திரும்பும் படகின் நேரத்தை விசாரியுங்கள். பஸ் தவறினால் வேறு வழி உண்டு. கடைசிப் படகு தவறினால் இரவு தீவில்தான். பெயர்ப்பலகையைப் பார்த்து ஏறுங்கள்: பண்ணைப் பாலம் கடந்து வரும் ஊர்காவற்றுறை, குறிகட்டுவான் பஸ்கள் வேலணையில் பிரிந்துவிடும்; நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகு குறிகட்டுவானில். ஓட்டோ பிடித்தால் நேரம் மிச்சம் என்பார்கள். உண்மைதான், ஆனால் அந்த மிச்சம் இறங்குதுறையோடு முடிந்துவிடும். படகு தன் நேரத்துக்கே புறப்படும். ஆகவே கூலியை மிச்சம் பிடித்து, ஒரு பஸ் முன்னதாகக் கிளம்புங்கள்.

ஒரே நாளில் இரண்டு தீவையும் பார்க்க ஆசைப்படாதீர்கள்: நெடுந்தீவுக்குக் கடலில் மட்டும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஆனி மாதத்தில் நயினாதீவில் நாகபூசணி அம்மன் திருவிழா. நயினாதீவுப் படகில் கூட்டம் நெரியும். அந்த நாட்களில் விடியற்காலையிலேயே புறப்படுங்கள்.