பிள்ளைப் பேறும் இருவர் ஆகாரமும்



விவாகமாகி இரண்டு வருஷமாகியும் தொட்டில் ஆடாத வீட்டில் என்ன நடக்கிறதென்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மருமகளை ஜாடையாய்ப் பேசுவதும், வளைகாப்புக்கு அவளை அழையாமல் விடுவதும், வேளாங்கண்ணியில் அவளை மாத்திரம் முழங்காலில் நடக்க வைப்பதும் நம் வீடுகளில் இல்லையென்று யாராவது சொல்லக்கூடுமா? நேர்த்திக்கடன் வேண்டாமென்று எந்தக் குருவானவரும் சொல்லமாட்டார். ஆனால் மாதாவிடம் பிள்ளை வரம் கேட்டுத் திரும்பிய பெண்ணுக்கு, எல்லாரும் உண்டபின் பானையின் அடியில் மிஞ்சிய சோறும் ஊறுகாயுந்தான் இராச் சாப்பாடென்றால், அது நியாயமாகுமா? இன்று அந்தப் பானையைப் பற்றியே பேசுவோம்.

ஆகாரத்துக்கும் கர்ப்பத்துக்கும் என்ன சம்பந்தமென்று கேட்பவர்களுக்கு ஹாலந்து தேசத்தில் நடந்ததைச் சொல்லுகிறேன். இரண்டாம் உலக யுத்தத்தின் முடிவில், 1944-45 குளிர்காலத்தில், ஜெர்மானியர் உணவு வரத்தை அடைத்துவிட்டபடியால் அத்தேசத்தின் மேற்குப் பட்டணங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 1,000 கலோரி கூடக் கிடைக்கவில்லை. ஒன்பது மாதங் கழித்துப் பிள்ளைப் பேற்றுக் கணக்கைப் பார்த்தால், பிறப்புகள் ஏறக்குறையப் பாதியாய்க் குறைந்திருந்தன. உணவு திரும்பியது, பிறப்புகளும் திரும்பின. சரீரம் பஞ்சத்தை உணரும்போது, மூளையிலிருந்து சூற்பைக்குப் போகும் கட்டளை தளர்ந்து, மாதவிலக்கு தவறிப்போகிறது. தன்னையே போஷிக்க முடியாத சரீரம் இன்னொரு சீவனை எப்படித் தாங்கும்?

மிதமிஞ்சிய பருமனும் இதே தீங்கைச் செய்யும். சூற்பையில் நீர்க்கட்டி என்று இந்நாட்களில் பல பெண்களுக்குச் சொல்லப்படுகிறதே, அவர்களுள் பருமனானவர்கள் நிறையில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு ஒழுங்குக்கு வருகிறது. 80 கிலோ உள்ளவள் 20 கிலோ குறைக்க வேண்டியதில்லை. 4 முதல் 8 கிலோ போதும். அரிசியைப் பாதியாக்கிப் பருப்பையும் காயையும் கூட்டி, மாலைப் பலகாரத்தையும் சர்க்கரைப் பானங்களையும் விட்டாலே வழி திறக்கும்.

இனி கீரையைப் பற்றி. லூசி வில்ஸ் என்ற ஆங்கில வைத்திய அம்மையார் 1928-ல் பம்பாய்க்கு வந்து, ஆலைத் தொழிலாளரான ஏழைக் கர்ப்பிணிகளுக்கு ஏற்பட்ட கடுமையான இரத்தச் சோகையை ஆராய்ந்தார். பின்பு குன்னூரிலும், சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் வேலை செய்தார். ஈஸ்ட் சத்தைக் கொடுத்தபோது அப்பெண்கள் தேறினார்கள். அதிலிருந்த மருந்துப் பொருள் 1941-ல் பசலைக் கீரை வகையொன்றிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லால் போலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. இதிலே தாய்மார் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. குழந்தையின் மூளையும் முதுகுத் தண்டும் உண்டாகும் குழல், கரு உண்டான 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது. அப்போது தான் கர்ப்பமாயிருப்பதே அநேகம் பெண்களுக்குத் தெரியாது! ஆகையால் போலிக் அமிலம் 400 மைக்ரோகிராம் மாத்திரையை, பிள்ளையை எதிர்பார்க்கும் காலத்திலேயே, ஒரு மாதமாவது முந்தித் தொடங்கவேண்டும். கீரையும் பயறும் உண்ணுங்கள். அவை அந்த மாத்திரைக்குப் பதிலாகா. கீரையை வெகுநேரம் வேகவிட்டு நீரைக் கொட்டினால், சத்தில் பெரும்பாகம் சாக்கடைக்குப் போகும்.

இரும்புச் சத்தும் வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்கள் 100 பேரில் 57 பேருக்கு இரத்தச் சோகை. முருங்கைக் கீரை, கேழ்வரகு, பயறு, மீன், முட்டை எல்லாம் நல்லவை. சோற்றோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்புச் சத்து நன்றாய் உடலில் ஏறும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் ஏறாது. வனஸ்பதியில் பொரித்த பண்டங்களைக் குறையுங்கள். உப்பு அயோடின் சேர்ந்ததாயிருக்கட்டும்.

நிற்க. இதுவரை பெண்ணைப் பற்றியே பேசிவிட்டேன். ஊரார் செய்வதும் அதுதான். பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேரிடத்தில், புருஷனுடைய குறை தனியாகவோ மனைவியின் குறையோடு சேர்ந்தோ இருக்கிறதென்று வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். மலடி என்ற சொல் நாவில் எளிதாய் வருகிறது. மலடன் என்ற சொல்லை நம் தெருக்களில் எத்தனை தரம் கேட்டிருக்கிறீர்கள்? புருஷனுடைய வித்து உருவாகி முதிர ஏறக்குறைய மூன்று மாதஞ் செல்லும். ஆகையால் இன்று புகையிலையையும் சாராயத்தையும் விட்டவன் அதன் பலனை மூன்று மாதங் கழித்தே எதிர்பார்க்கலாம். மனைவிக்குச் சொன்ன பருப்பும் கீரையும் மீனும் அவனுக்குமே. வீரிய லேகியங்களுக்கும் துத்தநாக மாத்திரைகளுக்கும் பணத்தைக் கொட்டுகிறவர்கள் கேளுங்கள்: அமெரிக்காவில் 2,370 தம்பதிகளை வைத்துச் சோதித்து 2020-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், புருஷருக்குக் கொடுத்த துத்தநாகமும் போலிக் அமிலமும் பிள்ளைப் பேற்றைக் கூட்டவில்லை.

ஆகாரத்தால் ஆகாத காரியமும் உண்டு. காச நோயாலோ வேறு நோயாலோ கருக்குழல் அடைபட்டிருந்தால், எந்தக் கீரையும் அதைத் திறக்காது. ஆகையால் கூடி வாழ்ந்து ஒரு வருஷமாகியும் கர்ப்பமில்லையென்றால், மனைவிக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே, வைத்தியரிடம் போங்கள். இருவரும் சேர்ந்து, ஒரே நாளில் போங்கள். எந்தப் பரிசோதனை, எந்தச் சிகிச்சை நம் ஒழுக்கத்துக்கு இசைந்ததென்ற சந்தேகமிருந்தால், தயங்காமல் என்னிடம் கேளுங்கள்.

கடைசியாக, பிள்ளைக்காக வாரந்தோறும் ஒருசந்தி பிடிக்கும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. திருச்சபை கட்டளையாய் விதிக்கும் ஒருசந்தி நாட்கள் வருஷத்தில் இரண்டே: விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும். நோயாளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அவற்றிலும் விலக்குண்டு. மெலிந்து இரத்தமற்றிருக்கும் பெண் சனிக்கிழமைதோறும் பட்டினி கிடப்பதாக வார்த்தைப்பாடு கொடுத்திருந்தால், நியாயமான காரணத்துக்காக அதிலிருந்து விடுவிக்கப் பங்குக் குருவுக்கு அதிகாரம் உண்டு. ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் அறைவீட்டில் இருப்பேன். புருஷனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். மாமியாரும் வந்தால் இன்னும் நல்லது.