மாசி போடாத ஜப்பான் சட்டி

போனில் பார்த்துவிட்டு மிசோ, ராமென், ஜப்பான் கறி என்று கேட்டு வருகிற பிள்ளைகள் எங்கள் அலவத்துகொடப் பக்கமும் கூடிவிட்டார்கள். அவர்களில் சிலர் மச்சம் மட்டுமல்ல, முட்டை, பால், தேன்கூட வேண்டாம் என்கிறார்கள். நல்லது, சமைக்கலாம். ஆனால் கண்டிக்குப் போய் வெளிநாட்டுப் போத்தல்களை வாங்கி அடுக்கமுதல் இதைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

1. ஒளிந்திருக்கும் மீனை முதலில் பிடியுங்கள். ஜப்பான்காரர் சூப், சோஸ், காய்கறி அவியல் எல்லாவற்றுக்கும் அடியில் ஊற்றுகிற ‘தாஷி’ என்ற சாற்றில் பெரும்பாலும் கட்சுஒபுஷி இருக்கும். அது வேறொன்றுமில்லை, நம் மாசிக்குப் போகிற அதே பலயா மீன்தான். அவித்து, புகையூட்டி, கட்டையாகக் காயவைக்கிற முறையும் ஏறக்குறைய ஒன்றுதான். நம் வீடுகளில் பருப்பிலும் சுண்டலிலும் மாசித்தூளைத் தூவிவிட்டு ‘மரக்கறிதான், சாப்பிடுங்கோ’ என்பார்களே, அந்தப் பழக்கம் அங்கேயும் உண்டு. அதனால் தாஷித் தூள், நூடில்ஸ் சாறு, சில மிசோப் பொதிகள் எதை எடுத்தாலும் பின்பக்கத்தை வாசியுங்கள். ‘போனிட்டோ’ என்று இருந்தால் திருப்பி வையுங்கள்.

2. சாறு சரியானால் பாதிச் சமையல் முடிந்தது. ஒரு லீற்றர் தண்ணீரில் பத்து கிராம் கொம்பு என்ற கடற்தாவரத்தையும் நாலைந்து காய்ந்த ஷிடாக்கே காளானையும் போட்டு இரவு முழுக்க பிரிட்ஜில் வையுங்கள். காலையில் மெல்லிய நெருப்பில் சூடாக்கி, கொதி வரமுதல் கொம்பை எடுத்துவிடுங்கள். கொதித்தால் வழுவழுப்பும் ஒரு கசப்பும் இறங்கும். கொம்பின் ருசிக்குக் காரணம் குளுட்டமேட் என்று 1908இல் டோக்கியோவில் இக்கேடா கிகுனாயே என்ற இரசாயனப் பேராசிரியர் கண்டுபிடித்தார். காய்ந்த ஷிடாக்கேயில் இருப்பது வேறு பொருள், குவானிலேட். இரண்டும் சேரும்போது ருசி கூட்டலாக அல்ல, பெருக்கலாக ஏறும். மீன் இல்லாத குறையை அடைக்கிறது அதுதான்.

கொம்பு குளிர் கடலில் வளர்வது, இங்கே விலை நெருப்பு. கிடைக்காவிட்டால் ஒரு கைப்பிடி சோயா அவரையை வெறும் சட்டியில் சிவக்க வறுத்துக் காளானோடு ஊறப்போடுங்கள். ஜப்பானியக் கோயில் சமையலிலும் அப்படிச் செய்வதுண்டு. நம் ஊர் சிப்பிக் காளானைக் கிழித்து வெயிலில் காயவைத்தும் பாவிக்கலாம். ஷிடாக்கேயின் வாசம் வராது, ஆனாலும் பச்சைக் காளானைவிட ருசி அழுத்தமாக இருக்கும். ஒன்று மட்டும்: மிளகு காய்ந்த பாயில் போடாதீர்கள். மிளகு வாசம் ஏறிவிட்டால் அந்தச் சாறு ரசத்துக்குத்தான் உதவும்.

3. மிசோவைக் கொதிக்கவிடாதீர்கள். காய்கள் வெந்ததும் அடுப்பை அணைத்து, ஒரு கரண்டிச் சாற்றில் மிசோவைக் கரைத்து ஊற்றுங்கள். ஒரு கோப்பைக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். உப்பு வேண்டாம், அதிலேயே தாராளமாக இருக்கிறது.

4. டோஃபுவை வீட்டில் செய்யப் பழகுங்கள். கண்டிக்காரருக்குச் சோயா புதிதல்ல. 1970களிலேயே பேராதனைக்குப் பக்கத்தில் கன்னொறுவையில் சோயாவை நம் சமையலறைக்குள் கொண்டுவர ஆராய்ச்சி நடந்தது. நாடு கடைசியில் பிடித்துக்கொண்டது சோயா மீற்றை. எனக்கு அதில் கொஞ்சம் மனவருத்தம் உண்டு, டோஃபுவுக்கும் அந்த அதிர்ஷ்டம் கிடைத்திருக்கலாம்.

கால் கிலோ சோயாவை இரவு ஊறவைத்து, இரண்டு லீற்றர் தண்ணீர் விட்டு அரைத்துத் துணியில் பிழியுங்கள். பாலைக் கொதிக்கவைத்து, நெருப்பைக் குறைத்துப் பத்து நிமிடமாவது வேகவிடுங்கள். பச்சைச் சோயா வயிற்றுக்கு ஆகாது. பொங்கி வழியும், பக்கத்தை விட்டு அசையாதீர்கள். இறக்கிச் சற்று ஆறியதும், மூன்று மேசைக்கரண்டி தேசிக்காய்ச் சாற்றில் கொஞ்சம் தண்ணீர் கலந்து சுற்றிவர ஊற்றி, ஒருதரம் மெல்லக் கிளறிவிட்டு மூடிவிடுங்கள். கால்மணி நேரத்தில் கட்டி தனியாகவும் மஞ்சள் தண்ணீர் தெளிவாகவும் பிரியும். தண்ணீர் இன்னும் பாலாகவே இருந்தால் இன்னொரு கரண்டி தேசிக்காய்ப் புளி விடுங்கள். பிறகு துணி விரித்த வடியில் கொட்டி மடித்து, மேலே தண்ணீர்ப் போத்தல் ஒன்றைப் பாரம் வையுங்கள். பிழிந்த சக்கையை எறியாதீர்கள். கரட்டும் லீக்ஸும் சேர்த்துச் சோயா சோஸில் பிரட்டினால் அங்கே ‘உனோஹனா’, தேங்காய்ப்பூவும் மாவும் சேர்த்தால் இங்கே ரொட்டி.

5. சோறு உருண்டைக்குப் புழுங்கல் அரிசி சரிவராது, ஒட்டவே ஒட்டாது. ஜப்பான் அரிசிக்குக் காசு கொட்டவும் தேவையில்லை. பாற்சோற்றுக்கு வாங்குகிற பச்சையரிசி போதும். தண்ணீரைச் சற்றுக் கூட்டி, குழையாமல் இறக்கி, சூட்டோடு உப்புத் தொட்ட ஈரக்கையால் பிடியுங்கள். உள்ளே ஊறுகாய்த் துண்டு வைக்கலாம்.

6. ஜப்பான் கறிக்குக் கறிவேப்பிலையும் ரம்பையும் வேண்டாம். கை தானாக அங்கே போகும், இழுத்துப் பிடியுங்கள். தேங்காய்ப்பாலும் வேண்டாம். அது நாம் நேரே கொடுத்த கறியல்ல. வெள்ளைக்காரன் இந்தியாவில் ருசி கண்டு, தூளாக்கி, கோதுமை மாவால் குழம்பைத் தடிப்பாக்கிச் சாப்பிட்ட கறி. மெய்ஜி காலத்தில் அதுதான் கப்பலேறி ஜப்பானுக்குப் போனது. 1872இல் அங்கே சமையல் புத்தகத்திலும் ஏறிவிட்டது. திருவனந்தபுரம் பக்கத்து ஏ. எம். நாயர் டோக்கியோவின் கின்சாவில் சாப்பாட்டுக்கடை போட்டது 1949இல். அதற்குள் மாவுக் கறி அவர்களுடைய வீட்டுச் சாப்பாடாகிவிட்டது.

கடையில் விற்கும் கறிக்கட்டிகள் பலவற்றில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ பால்மாவோ இருக்கும். நீங்களே செய்யுங்கள். மூன்று மேசைக்கரண்டி எண்ணெயில் நாலு மேசைக்கரண்டி கோதுமை மாவைச் சின்ன நெருப்பில் கருப்பட்டி நிறம் வரும்வரை கிண்டுங்கள். பதினைந்து நிமிடமாகும், அவசரப்பட்டால் கருகும். இறக்கி வைத்து வறுக்காத கறித்தூள் ஒன்றரைக் கரண்டி சேருங்கள். வறுத்த தூள் நம் இறைச்சிக் கறிக்குச் சரி, இங்கே மற்றதையெல்லாம் அமுக்கிவிடும். மிளகு, கராம்பு, சாதிக்காய், ஏலக்காய் நம் தோட்டத்திலும் மாத்தளைப் பக்கத்திலும் விளைவது. புதிதாக இடித்து ஒரு சிட்டிகை போடுங்கள். வெங்காயத்தை நன்றாகச் சிவக்க வதக்கி, கரட், உருளைக்கிழங்கோடு காளான் சாற்றில் வேகவைத்து, கடைசியில் இந்த மாவைக் கரைத்துவிடுங்கள். இனிப்புக்கு அங்கே ஆப்பிள் துருவுவார்கள். பாதி கனிந்த வாழைப்பழத்தை மசித்துப் போடுங்கள், அதுவும் அவர்கள் செய்கிற வேலைதான்.

7. மிரின், சாக்கே இரண்டும் மது சேர்ந்தவை. அக்குறணையிலிருந்து முஸ்லிம் கூட்டாளிமார் சாப்பிட வருவார்கள் என்றால் சட்டியில் விடவே விடாதீர்கள். பளபளப்புக்கும் இனிப்புக்கும் கித்துள் பாணி ஒரு தேக்கரண்டி போதும்.

8. கோயில் சமையலையும் வீட்டுச் சமையலையும் குழப்பாதீர்கள். சென் பௌத்த மடங்களில் வெங்காயம், உள்ளி, லீக்ஸ் எதுவும் இல்லை, நம் விரதச் சமையல் மாதிரி. மடத்துச் சமையற்காரருக்கென்றே தோகென் என்ற துறவி 1237இல் ஒரு நூல் எழுதினார். அரிசி கழுவுகிறபோது கல்லையும் மணியையும் கவனிக்கச் சொல்கிற அளவுக்கு அதில் நுணுக்கம். நீங்கள் துறவியல்ல, உள்ளி போடலாம். அரிசியில் கல் மட்டும் பாருங்கள்.

9. முதல் கிழமையில் பூசணியைச் சமையுங்கள். தோலோடு பெரிய துண்டாக வெட்டி, தோல் கீழே இருக்க ஒரே தட்டாக அடுக்கி, பாதி முங்கச் சாறு விட்டு, கொஞ்சம் சோயா சோஸ், கொஞ்சம் சீனி. மூடி மெல்லிய நெருப்பில் வைத்துவிட்டுக் கிளறாமல் இருங்கள். கரண்டி போட்டால் களியாகும். ஆறவிட்டுச் சாப்பிட்டால் சாறு உள்ளே இறங்கியிருக்கும்.

10. இனிப்புக்கு ஜெலட்டின் வாங்காதீர்கள், அது மிருகத்தின் தோலிலும் எலும்பிலும் எடுப்பது. நோன்பு காலத்தில் இங்கே முஸ்லிம் வீடுகளில் காய்ச்சுகிற கடற்பாசிதான் ஜப்பானில் ‘கன்டென்’. பாலுக்குப் பதில் அவித்து மசித்த சிவப்புக் கௌபியும் சீனியும் சேர்த்துக் காய்ச்சித் தட்டில் ஊற்றினால் ‘யோகான்’ மாதிரி வரும். பாசி முழுக்கக் கரைந்த பிறகே சீனி போடுங்கள். பிரிட்ஜ் இல்லாமலே இறுகும், கரண்ட் போனாலும் பயமில்லை.